உரிமையாளர் பெயர் இல்லாத குதிரை

1

பெங்களூருக்கு நான் வந்து இருபத்திரண்டு வருஷம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, ஆனேக்கல் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு குதிரைக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். வேதாரண்யத்தில் இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். மல்லிகா கம்ப்யூட்டர் வேலைக்கென்றுதானே பஸ் ஏறினாள், நடுவில் குதிரை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

படிவம் கன்னடத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நான் படிப்பதைக் கேட்டால் என் மகள் யாழினி காதைப் பொத்திக்கொள்வாள். முதல் கட்டம், விலங்கின் பெயர். இரண்டாவது, உரிமையாளர் பெயர். மூன்றாவது, எத்தனை வருஷமாக உங்களிடம் இருக்கிறது. நான்காவது, எந்த ஊரிலிருந்து வந்தது. கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை, மகளின் பள்ளிக்கூடம் என்று கிட்டத்தட்ட இதே கேள்விகளுக்கு என்னைப் பற்றி எத்தனையோ முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். குதிரையைப் பற்றி எழுத வரவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு என்று என் கணவர் சொல்வார். அவர் வேலை வைட்ஃபீல்டில், ஊரின் மறுகோடியில். அவர் சொல்வதைக் கேட்கவே வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கும். நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் கம்பெனியில் சேவை நாள் என்று சொல்லி, கைவிடப்பட்ட குதிரைகளை வைத்திருக்கும் இந்த இடத்துக்கு ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிவந்தார்கள். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். நான் அடுத்த ஞாயிறும் வந்தேன். அதற்கடுத்த ஞாயிறும். சாணி அள்ளுவேன், தண்ணீர்த் தொட்டி கழுவுவேன். இங்கே பதினோரு குதிரைகள் உண்டு. ரேஸில் காலொடிந்தவை, கல்யாண ஊர்வலத்தில் கிழடானவை. இது பன்னிரண்டாவது.

2

மற்ற பதினொன்றையும் யாரோ வளர்த்தார்கள், யாரோ துரத்திவிட்டார்கள். இதை யாரும் வளர்க்கவே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னால் வற்றிப்போன ஏரி ஒன்று இருக்கிறது. வேலைக்கு ஆகாது என்று அங்கே விரட்டிவிடப்பட்ட ஒரு குதிரை போட்ட குட்டி இது. தாய் செத்துப்போனது. குட்டி மூன்று வருஷம் மனிதக் கை படாமல் நாணல் புதரில் வளர்ந்தது. ஒரு நாள் சாலைக்கு வந்து, பைக்கில் போன ஒருவர் தடுமாறி விழுந்து கை முறிய, குடியிருப்புக்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள்.

அதைக் கொண்டுவந்தவர், இங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் கஜேந்திரன். தொம்மலூர் பழைய ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். பதினெட்டு வயதிலிருந்து ரேஸ் லாயங்களில் குதிரை பார்த்தவர். பேரில் யானையை வைத்துக்கொண்டு குதிரை மேய்க்கிறீர்களே என்று நான் கேலி செய்தால், "யானைக்கு ஏது மேடம் ரேஸு" என்பார். அவர் கயிறு எடுத்துக்கொண்டு போகவில்லை. எங்கள் கிழட்டு லட்சுமிக் குதிரையை நான்கு சாயங்காலம் ஏரிக்குள் நடத்திக்கொண்டு போனார், திரும்பி வந்தார். ஐந்தாம் நாள் ஏரிக் குதிரை லட்சுமியின் பின்னாலேயே நடந்து வந்து எங்கள் வட்டப் பட்டிக்குள் நுழைந்தது. வட்டப் பட்டி என்பது மூலை இல்லாமல் கம்பு அடித்த வேலி. மூலை இருந்தால் குதிரை மாட்டிக்கொண்டதாக நினைத்துப் பயப்படும். அன்றிலிருந்து அதற்கு ஏரிக்காரி என்று பெயர்.

இதற்குப் பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் மனிதரையும் தாக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்காமல் ஒரு குதிரையை வைத்திருக்க முடியாது. கால்நடை டாக்டர் வந்தார், இளைஞர், நல்ல மனிதர். ஊசியோடு வேலிக்குள் ஒரு காலை வைத்தார். ஏரிக்காரி சுழன்று பின்னங்கால்களை வீசியது. அவர் வெளியே வந்ததை நடந்து வந்தது என்று சொல்ல முடியாது.

தூரத்திலிருந்து துப்பாக்கியால் மயக்க ஊசி போடலாமே என்று கேட்டேன். அந்தத் துப்பாக்கி வனத்துறையிடம்தான் இருக்கிறதாம். வனத்துறையைக் கேட்டால், குதிரை காட்டு விலங்கு இல்லை, எங்களுக்கு வராது என்றார்கள். சரி, வளர்ப்பு விலங்குதான் என்று கால்நடைத் துறைக்கு வந்தால், அப்படியென்றால் வளர்த்தவர் யார், கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார்கள். மூன்று வாரம் நான் இரண்டு வாசலுக்கும் நடையாய் நடந்தேன். இந்தக் குதிரை காட்டிலும் சேர்த்தி இல்லை, வீட்டிலும் சேர்த்தி இல்லை. எனக்கு அதன் நிலைமை நன்றாகவே புரிந்தது.

கடைசியில் டாக்டர் அந்தப் படிவத்தைக் கொடுத்தார். ஆறு வாரம் தருகிறேன், அதற்குள் குதிரை ஆளைத் தொட விட வேண்டும், படிவத்தில் ஒரு உரிமையாளர் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். கேட்டவர் என்றால், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவர். ஏற்கெனவே மனு கொடுத்துவிட்டார். நான்கு காலையும் கட்டிச் சாய்த்து, தண்ணீர் காட்டாமல் மூன்று நாள் போட்டால் எந்தக் குதிரையும் வழிக்கு வரும் என்று எங்கள் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

இடத்தை நடத்தும் வனஜா கையை விரித்தார். அவருக்குப் பதினோரு குதிரைக்குத்தான் அனுமதி. பன்னிரண்டாவதை யாராவது தன் பெயரில் ஏற்றுக்கொண்டால் இங்கேயே கட்டிக்கொள்ளலாம். யாராவது என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

3

கோடியக்கரைக் குதிரைகளை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. பெங்களூரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். கடலோரக் காட்டில் குட்டையான குதிரைகள் கூட்டமாய்ச் சேற்றில் மேயும், யாருக்கும் சொந்தமில்லை, நாங்கள் மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போவோம் என்றால், என் ஆபீஸில் இருப்பவர்கள் போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறார்கள்.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். எனக்குப் பத்து வயதில் ஒரு குதிரை வேண்டும் என்று அடம்பிடித்தேன். சாப்பிட மாட்டேன் என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். அப்பாவுக்குத் தெரிந்த இரண்டு பேர் யாருக்கும் தெரியாமல் ஒரு குட்டியைப் பிடித்துக் கொண்டுவந்து, உப்பளத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் கட்டினார்கள். கட்டியது கழுத்தில், தேங்காய் நார்க் கயிற்றால். அது இழுத்தது. இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகியது. நான் புல்லை நீட்டினால் கண்ணில் வெள்ளை தெரியப் பார்த்தது. மூன்றாம் நாள் கழுத்தில் ஈ மொய்த்தது. பயந்துபோய் அவிழ்த்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் அதை நான் பல தடவை பார்த்தேன். கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத ஒரு கோடு. தூரத்தில் என் சைக்கிளைக் கண்டால் மற்றவை நிற்கும், அது மட்டும் ஓடும். ஊரை விட்டு வந்தபோது எதை விட்டு வந்தோம் என்று நினைத்து நான் அழுததில்லை. அந்தக் கோட்டை நினைத்து அழுதிருக்கிறேன். அதனால் படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன அன்றே முடிவு செய்துவிட்டேன். உரிமையாளர் பெயர் என் பெயர்தான். ஆனால் ஏரிக்காரி சம்மதிக்காமல் அதை எழுத மாட்டேன்.

4

கஜேந்திரனின் முறை சொல்வதற்குச் சுலபம். குதிரையை நோக்கி நடக்க வேண்டும். அது விலகி ஓடினால் நாமும் அவசரப்படாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்று நம்மைப் பார்த்த நொடியில், சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி வந்துவிட வேண்டும். அது செய்த நல்ல காரியத்துக்கு நாம் கொடுக்கிற பரிசு, நாம் அங்கிருந்து போய்விடுவது.

"இது என்னங்க மரியாதை? பார்த்தா சிரிக்கணும், பேசணும். முதுகைக் காட்டிட்டா போறது?" என்று கேட்டேன்.

"மேடம், அதுக்கு நம்மகிட்ட வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்த ஆளு போவானா மாட்டானான்னு தெரியணும். போவான்னு தெரிஞ்சாதான் அது நிக்கும்."

"ரேஸ் லாயத்துலயும் இப்படித்தானா?"

அவர் சிரிக்கவில்லை. "அங்க ஜல்தி, எல்லாம் சீக்கிரம் ஆவணும். மேலுதட்ட கயித்துல சுருக்கு போட்டு முறுக்கினா நிக்கும். நானும் முறுக்கினவன்தான். இந்தக் கையிதான்" என்று வலது கையைக் காட்டினார்.

முதல் இரண்டு வாரம் நான் காலை ஆறு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் நடந்து, திரும்பி, நடந்து, திரும்பினேன். அங்கிருந்து நேரே ஆபீஸ். ஆபீஸ் வண்டியில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும், லாயத்து வாசனை அப்படி. மூன்றாம் வாரம் நீண்ட மூங்கில் கழியின் நுனியில் பஞ்சுத் துணி சுற்றி, அதைக் கொண்டு குதிரையின் முதுகைத் தொட்டோம். தொட்டதும் எடுத்துவிட வேண்டும். பிறகு கழி குட்டையாகிக்கொண்டே வந்தது. நான்காம் வாரக் கடைசியில் கழி போய் என் கையே வந்தது. கழுத்து வெதுவெதுப்பாக, நான் நினைத்ததைவிடச் சொரசொரப்பாக இருந்தது. அது தலையைத் தாழ்த்தி, ஒன்றும் இல்லாத வாயை மென்றது. குதிரை மனது இறங்கினால் அப்படி மெல்லும்.

அடுத்த ஞாயிறு தலைக்கயிறு. வாயில் இரும்பு இல்லாத, முகத்தில் மட்டும் மாட்டுகிற மெத்தென்ற கயிறு. ஏரிக்காரி மூக்கைத் தானாகவே அதற்குள் விட்டது. நான் மாட்டினேன், பத்து எண்ணினேன், கழற்றினேன்.

"போதும் மேடம், வெளிய வாங்க" என்றார் கஜேந்திரன்.

நான் போகவில்லை. இங்கேதான் நாம் எல்லோரும் ஒன்று. பந்தியில் ஒருவர் போதும் என்று இலை மேல் கையை மறைத்தால், விரலிடுக்கு வழியாக ஊற்றுகிற ஊர் நம் ஊர். போதும் என்பதைப் போதும் என்று எடுத்துக்கொண்டால் நமக்கு அன்பு இல்லை என்று ஆகிவிடும். என் கைக்கும் அதுதான் பழக்கம். இவ்வளவு நன்றாக நின்றாளே, இன்னும் ஒரே ஒரு தடவை, என்று மறுபடியும் கயிற்றைத் தூக்கினேன்.

அது காதைப் பின்னால் மடித்தது. பார்த்தேன். பார்த்தும் நீட்டினேன். அடுத்த நொடி நான் வேலியோரம் மண்ணில் கிடந்தேன், கம்பு ஒன்று முறிந்து தொங்கியது, ஏரிக்காரி எதிர்ப்புறத்தில் உடம்பு நடுங்க நின்றது. எனக்கு முழங்கை சிராய்ப்புதான். ஆனால் நான் எழுந்து நின்றதும் அது ஓடியது. முதல் நாள் ஓடியது போலவே ஓடியது.

கஜேந்திரன் என்னைத் திட்டவில்லை. முறிந்த கம்பை மாற்றிக்கொண்டே சொன்னார்: "அது சரின்னு சொல்லிச்சு. நீங்க கேக்கல. இனிமே சரின்னு சொன்னா இன்னா கெடைக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

5

டாக்டர் வர பத்து நாள் இருந்தது. பத்து நாளும் லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் குடும்ப வேலை என்று எழுதினேன். மேனேஜர் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். இல்லை, ஒருத்தி என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றேன்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். யாழினிக்குப் பதினேழு வயது. இந்த ஊரில் பிறந்தவள். நண்பர்களோடு கன்னடம், எங்களோடு ஆங்கிலம். ஞாயிறுதோறும் ஊருக்குப் போன் போட்டு அவள் மாமாவிடம் தமிழில் பேச வைப்பேன். ஒரு வாக்கியம் சொல்வாள். நான் பக்கத்தில் நின்று, இன்னொன்று சொல்லு, அப்படி இல்லை இப்படிச் சொல்லு என்பேன். ஆறு மாதமாகப் போனை எடுத்தாலே அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

மூன்றாவது தோசையை அவள் தட்டை நோக்கிக் கொண்டுபோனேன். "ம்மா, ஸாக்கு" என்றாள், கன்னடத்தில் போதும் என்று. தோசைத் திருப்பி என் கையில் அந்தரத்தில் நின்றது. வேலிக் கம்பு முறிந்த சத்தம் காதில் கேட்டது. தோசையைத் திருப்பிக் கொண்டுபோய் என் தட்டில் போட்டுக்கொண்டேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பாள்.

பட்டியில் மறுபடியும் முதலிலிருந்து. கழி, துணி, நடை, முதுகு. ஆறாம் நாள் என் கை அதன் கழுத்துக்கு வந்தது. எட்டாம் நாள் தலைக்கயிறு ஏறியது. பத்து எண்ணிக் கழற்றிவிட்டு, வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதேன். உள்ளே திரும்பிப் போக மட்டும் என் கால் ஆசைப்பட்டுக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் கஜேந்திரன் மூடி கழற்றிய பேனாவின் முனையால் கழுத்து நரம்பில் லேசாக அழுத்திப் பழக்கினார். அழுத்து, எடு, போ.

6

டாக்டர் தயங்கித்தான் இறங்கினார். நான் தலைக்கயிற்றோடு உள்ளே போனேன். ஏரிக்காரி இரண்டடி முன்னால் வந்து மூக்கை விட்டது. டாக்டரை என் தோளுக்குப் பின்னால் மெதுவாக வரச் சொன்னேன். ஊசி நுழைந்தது. தோல் ஒருமுறை சிலிர்த்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் அவசரப்பட்டதில் ஊசி நழுவிவிட்டது. குழாயில் பாதிதான் ரத்தம்.

"இன்னொந்து சல" என்றார், இன்னொரு தடவை என்று. ஊசியை மாற்றிக்கொண்டே கையை நீட்டினார்.

ஏரிக்காரியின் காது பின்னால் போக ஆரம்பித்தது.

நான் கயிற்றைக் கழற்றிவிட்டேன். டாக்டர் பதறிப்போய், டைம் இல்லை, அடுத்த ஊரில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், நிற்கும்போதே எடுத்துவிடலாம், விட்டால் போய்விடும் என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விட்டால் போய்விடலாம். போய்விட்டால் ஊர்வலக்காரரின் வண்டி வந்துவிடும்.

"ஹத்து நிமிஷ, டாக்டர். ஸ்வல்ப காயிரி" என்றேன், பத்து நிமிஷம், கொஞ்சம் காத்திருங்கள் என்று. கன்னடத்தில் ஒரு அதிகாரியிடம் நான் முதல் தடவையாகக் கெஞ்சாமல் பேசினேன். "அது ஒரு தடவை சரின்னு சொல்லிடுச்சு. அதுக்கு நாம போயாகணும்" என்று மீதியைத் தமிழில் சொல்லி, அவரை முன்னே விட்டு வெளியே நடந்தேன்.

கஜேந்திரன் அவர் கையில் டீயைக் கொடுத்தார். டாக்டர் டீயைக் குடிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து நான் மட்டும் திரும்ப வேலிக்குள் போய், ஒரு ஓரமாக முதுகைக் காட்டி நின்றேன். நிமிஷங்களை எண்ணவில்லை, எண்ணினால் திரும்பிவிடுவேன். பின்னால் குளம்புச் சத்தம் ஒன்று கேட்டது, நின்றது. அப்புறம் இன்னொன்று. என் சட்டையின் பின்பக்கம் சூடாக மூச்சு விழுந்தது.

"மேடம், அசையாதீங்க" என்றார் கஜேந்திரன், குரலே இல்லாமல்.

மெல்லத் திரும்பித் தலைக்கயிற்றை நீட்டினேன், அது மூக்கை விட்டது, டாக்டர் உள்ளே வந்தார். இரண்டாவது குழாய் நிறைந்தது. டாக்டர் அப்போதே வெளியே வந்துவிட்டார், யாரும் சொல்லாமலேயே. ஜீப்பின் பானெட்டில் படிவத்தை விரித்து, "ஓனர் யாரு?" என்றார்.

"நானே."

மல்லிகா என்று எழுதினேன். எத்தனை வருஷமாக என்ற கட்டத்தில் ஒன்பது வாரம். எந்த ஊரிலிருந்து வந்தது என்ற கட்டத்தில் அந்த ஏரியின் பெயரைப் போட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

7

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. நோய் இல்லை. ஏரிக்காரி என் பெயரில் பன்னிரண்டாவதாக இங்கே இருக்கிறது. ஊர்வலக்காரர் ஒருமுறை வந்து வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்து அதற்குக் குளம்பு சீவ வேண்டும். நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்கப் பழக்க வேண்டும். ஆறு மாதம் ஆகும் என்கிறார் கஜேந்திரன். ஆகட்டும்.

முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்று ஊருக்குப் போன் போடச் சொல்லி நான் யாழினியைக் கூப்பிடவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், தமிழில் கேட்டாள்:

"அந்த குதிரை என்ன ஆச்சு?"

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. அவள் தமிழில் கேட்டதற்கே கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

"நின்னுச்சு" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. காலடி நிலைவாசல் வரை வந்து நின்றது.

"எவ்ளோ நேரம் நின்னுச்சு?"

நான் திரும்பவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அவள் உள்ளே வந்தாள்.